புத்தகத்தில் இல்லாத கையெழுத்து

எங்கள் நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதை அங்கே வைத்தவன் நான். பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி; ஒரு பெரிய அகராதியின் அளவு இருக்கும். உள்ளே நீர் புகாத உறையில் கோடு போட்ட புத்தகம் ஒன்றும் பென்சில்கள் இரண்டும் இருக்கின்றன. பேனாவின் மை குளிரில் உறைந்துவிடும் என்பதால் பென்சில்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் சொல்லிக்கொள்கிறேன். ஜியோகேச்சிங் என்பது இதன் பெயர். எங்களுக்குள் பெட்டி தேடல் என்போம். ஒருவர் ஓரிடத்தில் பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடுவார்கள். அகப்பட்டால், உள்ளே இருக்கும் புத்தகத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீடு திரும்பியதும் இணையத்தில் "கண்டேன்" என்று பதிவார்கள். அகப்படாதவர்கள் "காணவில்லை" என்று பதிய வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் பூங்காக்களிலும் பாலங்களுக்கு அடியிலும் இருப்பவை. ஒவ்வொரு நாட்டின் உச்சிச் சிகரத்திலும் உள்ள பெட்டியை மட்டுமே தேடிப் போகிற சிறு கூட்டம் ஒன்றும் உண்டு. அதில் எங்கள் அத்தானும் ஒருவர்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான் உயிர். புகைப்படம் செல்லாது, சாட்சி செல்லாது. புத்தகத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். பெட்டியை வைத்தவர் ஆண்டுக்கு ஒரு முறை மேலே ஏறிப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைக்க வேண்டும். பிறகு இணையப் பதிவுகளைக் கையெழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். கையெழுத்து இல்லாத பதிவு நீக்கப்படும். ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையை நான் ஒரு பிழையும் இல்லாமல் செய்துவந்தேன் என்றே நினைத்திருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுவதும் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டு கம்பிவடங்களைச் சோதிப்பார். விடுப்பு கிடைத்தால் மலை. விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'மேல்மாடி'.

"உங்கக்கா கல்யாணமான நாள்லேருந்து எனக்கு மேல்மாடி காலின்னு சொல்லிட்டிருக்கா மச்சான். வீட்டுல ஒரு பேரு, வெளியில ஒரு பேருன்னு எதுக்கு?" என்பார்.

பதினான்கு ஆண்டுகளில் பதினொரு நாடுகளின் உச்சிகளை அவர் தொட்டிருந்தார். எல்லாம் பெரிய மலைகள் அல்ல. ஒரு தட்டை நாட்டின் உச்சி, மேய்ச்சல் நிலத்தில் ஒரு மேடுதானாம். "அந்த தேசத்தோட உச்சியில ஒரு மாடு படுத்திருந்துது. மன்னிப்புக் கேட்டு எழுப்பி விட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்தார். பன்னிரண்டு நிறைந்தால் கூட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறும். பன்னிரண்டாவதாகத்தான் அவர் சொந்த நாட்டுச் சிகரத்தை வைத்திருந்தார். மச்சான் வைத்த பெட்டியில் முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஜூலை முதல் வாரத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துப் போய் வந்தார். வந்ததும் பதிந்தார். அந்தப் பதிவை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும்.

"மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நில அளவைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டே சுற்றிவந்தேன். தட்டைக் கல்லுக்கு அடியில் வெள்ளை டப்பா. திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை! மச்சானுக்கு எங்கேயிருந்துதான் இப்படிப்பட்ட டப்பா கிடைக்கிறதோ. பன்னிரண்டு முடிந்தது. வீட்டுக்குப் போகிறேன்."

பெட்டி பச்சை. அதில் இரும்பின் வாசனையைத் தவிர வேறொன்றும் கிடையாது. அத்தானின் வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் நான் மேலே போனேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஏறி இறங்க மூன்று நாள் பிடித்தது. உச்சியில் நில அளவையாளர்கள் நட்ட கல்தூணுக்கு வடக்கே ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. பெட்டியின் இடம் அதுதான். தேடி வருகிறவர்கள் தூணைச் சுற்றி ஒவ்வொரு கல்லாகப் புரட்டுவார்கள். கைபேசி காட்டும் எண்களில் ஏழெட்டு மீட்டர் பிழை இருப்பது இயல்பு. வைத்தவனுக்கு அந்தத் தேவை இல்லை. நேரே போய்ப் பிளவுக்குள் கையை விட்டேன். பெட்டி இருந்தது. புத்தகத்தை மாற்றினேன். காற்று பலமாக இருந்ததால் ஐந்து நிமிடங்களில் இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் அளவுகோலை வைத்து ஒத்துப் பார்த்தேன். இணையத்தில் நாற்பத்தொரு பதிவுகள். புத்தகத்தில் முப்பத்தொன்பது கையெழுத்துகள். விடுபட்டவற்றில் ஒன்று, 'முப்பத்திரண்டு' என்ற பெயரில் விளையாடும் ஒரு பல் மருத்துவருடையது. அவர் ஜூன் கடைசியில் பதிந்திருந்தார்: "கண்டேன். நன்றி." மற்றது அத்தானுடையது.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இல்லை.

இப்போது அந்த வெள்ளை டப்பாவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கண்ணால் காணாத ஒருவரால்தான் அதன் நிறத்தை இவ்வளவு தைரியமாகத் தவறாகச் சொல்ல முடியும் என்று பட்டது.

என் உத்தியோகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் எடை அளவு அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில் பணிபுரிகிறேன். கடைகளிலும் ஆலைகளிலும் உள்ள தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை இடுவது எங்கள் வேலை. அங்கே சேர்ந்த முதல் வாரமே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: ஒரு கல் தவறினால் கல்லைச் சந்தேகி, இரண்டு கற்கள் ஒரே பக்கமாகத் தவறினால் தராசைச் சந்தேகி. பதினேழு ஆண்டுகளாக நாள்தோறும் கடைப்பிடிக்கும் இந்த விதி, அன்று காலை என் மேசைக்கு வரவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், பத்து நாள் இடைவெளியில், ஒரே மாதிரி விடுபட்டிருக்கிறார்கள். நான் இரண்டு பேரையும் சந்தேகித்தேன். என் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை.

உறவினருக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று வேறு பயந்தேன். ஆகவே இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே கடிதத்தை அனுப்பினேன். "மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு வணக்கம். தங்கள் கையெழுத்து புத்தகத்தில் காணப்படாமையால் தங்கள் பதிவை நீக்க நேர்ந்தமைக்குப் பெரிதும் வருந்துகிறேன். இதைத் தாங்கள் தவறாகக் கொள்ளலாகாது எனப் பணிவுடன் வேண்டுகிறேன்."

பல் மருத்துவரிடமிருந்து பதில் இல்லை. அத்தான் மறுநாள் என் சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார், கிரீஸ் படிந்த சீருடையோடு.

"மதிப்பிற்குரிய உறுப்பினர் வந்திருக்கேன். உட்காரலாமா?" என்றார்.

"உட்காருங்க அத்தான். தப்பா நினைக்காதீங்க..."

"தவறாகக் கொள்ளலாகாது. படிச்சேன், படிச்சேன்." மேசைமேல் இருந்த ஒரு கிலோ மாதிரிக் கல்லை வெறுங்கையால் தூக்கிப் பார்த்தார். அதை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசைகூட எடையில் சேரும். நான் பதறியதைப் பார்த்துக் கீழே வைத்தார். "விளையாட்டுக்குத்தானே அனுப்பினே? உங்கக்கா சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்ல அத்தான். புத்தகத்துல நிஜமாவே இல்லை."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. "நான் போட்டேன்டா. பென்சில் மொக்கையா இருந்துச்சு, பல்லால கடிச்சுக் கூராக்கிப் போட்டேன்."

"வெள்ளை டப்பான்னு எழுதியிருக்கீங்க. பெட்டி பச்சை அத்தான்."

"பச்சையா? நான் பார்த்தது வெள்ளை."

"ஒன்பது வருஷமா பச்சைதான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நான் பொய் சொல்றேன்."

"அப்படி நான் சொல்லவே இல்லையே. புத்தகத்துல இல்லைன்னுதான்..."

"அதுக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு மச்சான். நீதான் படிச்சவன்."

நான் எடைக்கல்லை மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போனார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மதிய உணவு வேளையில் அக்கா வந்தாள். சீருடை தைக்கும் ஒரு தொழிற்கூடத்தில் அவளுக்கு வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்கவும் தோன்றாமல் வந்திருக்கிறாள்.

"நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் புத்தகத்துல அவர் கையெழுத்து இருக்கா, இல்லையா?"

"இல்லைக்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

"நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்." நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்போ அந்த நாலு நாள் எங்க இருந்தார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எனக்கு அது ஒரு பதிவு. அவளுக்கு அது நான்கு நாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மலையிலேருந்து எப்பவும் கரடி மாதிரி வருவார். பக்கத்துல நிக்க முடியாது. இந்தத் தடவை முகம் மழிச்சு, சட்டை துவைச்சு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னார். கேட்டா, அடிவாரத்துல ரூம் எடுத்துக் குளிச்சேன்னார். நானும் பைத்தியக்காரி, நமக்காகத்தான்னு சந்தோஷப்பட்டேன்."

"அக்கா, அப்படியெல்லாம் இருக்காது..."

"எப்படியெல்லாம் இருக்காது? நீயே சொல்றே, மலைக்குப் போகலைன்னு."

போகவில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தில் இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல நான்கு வார்த்தைகள் போதும். ஆனால் அந்தத் தூரத்தில் எனக்கே அப்போது நம்பிக்கை இல்லை. "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டேன்.

அவள் அத்தானின் அண்ணனிடம் போனாள். அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். தம்பியைத் தகப்பன்போல் வளர்த்தவர். அவர் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, வயதுக்கு ஏற்ற புத்தி வேண்டாமா என்று கேட்டதாகவும், அத்தான் தொடர்பைத் துண்டித்துவிட்டதாகவும் பிறகு அறிந்தேன். விளையாட்டுக் கூட்டத்திலும் செய்தி பரவியது. 'மேல்மாடி இனிமேல் தரைத்தளம்' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே இருபத்தாறு பேர் சிரித்திருந்தார்கள்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை அத்தான் என்னை அழைத்தார். அவர் குரல் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து எதிரொலித்தது.

"மச்சான், சனிக்கிழமை நான் மறுபடி மேல போறேன்."

"இப்பவா? மலையேறுறவங்க தங்குற குடிலை மூடிட்டாங்க அத்தான். பனி விழ ஆரம்பிச்சாச்சு."

"தெரியும். உங்கக்கா என்கூடப் பேசி ஏழு வாரம் ஆகுது. தட்டை வைக்கிறா, எடுக்கிறா, அவ்வளவுதான். அடுத்த ஜூலை வரைக்கும் இப்படியே இருந்தா நான் இந்தக் குழியிலேயே குதிச்சிடுவேன்."

"இப்பப் போய்க் கையெழுத்துப் போட்டா அது இப்பத் தேதிதானே அத்தான்?"

"கையெழுத்துப் போட யாருடா போறா? அந்த வெள்ளை டப்பா அங்கதான் இருக்கு. அதுல ஜூலை தேதியோட என் கையெழுத்து இருக்கு. அதை எடுத்துட்டு வந்து உங்கக்கா முன்னாடி வைக்கப் போறேன். அப்புறம் அவ பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி."

ஒரு பொய்யை இவ்வளவு தூரம் இழுக்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. அடிவாரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பனி அதிகம் என்று சொல்லிக்கொள்வார் என்று நினைத்தேன். "கவனமா போயிட்டு வாங்க அத்தான்" என்றேன்.

வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், வணக்கம். நான் முப்பத்திரண்டு பேசறேன்."

"யாரு?"

"பல் டாக்டர் சார். ஜூன்ல உங்க பெட்டியில... நீங்க என் பதிவை நீக்கினீங்க. அது நியாயம்தான். அதைப் பத்திப் பேச வரலை." தயங்கினார். பின்னணியில் ஏதோ இயந்திரம் சுழன்று நின்றது. "மேல்மாடிங்கறவரை எல்லாரும் பொய்யன்னு எழுதறாங்க. எனக்கு மனசு கேக்கலை. அவர் பொய் சொல்லலை சார்."

நான் எழுந்து நின்றேன்.

"நான் போனப்ப அந்தப் பாறை பூரா பனிக்கட்டி. ரெண்டு மணி நேரம் தோண்டினேன், உங்க பெட்டி கிடைக்கலை. அவ்வளவு தூரம் ஏறிட்டு வெறுங்கையோட இறங்க யாருக்கு சார் மனசு வரும்? பையில கொறிக்கறதுக்குக் கடலை வச்சிருந்த டப்பா இருந்துச்சு. அதுல ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் போட்டு, நானே கையெழுத்துப் போட்டு, தூணுக்குத் தெற்கால ஒரு கல்லுக்கடியில வச்சுட்டேன். பின்னால வர்றவங்களுக்கும் உதவியா இருக்குமேன்னு... தப்புதான். ஒளிச்சவர்கிட்ட கேக்காம இன்னொரு பெட்டி வைக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்."

"டப்பா என்ன நிறம்?"

"வெள்ளை சார். கிளினிக்ல பல் அச்சுக்கு வச்சிருக்கிற டப்பா. எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கிராம்புத் தைல வாசனை போகாது."

வடக்குப் பிளவிலிருந்து அந்தத் தெற்குக் கல் ஆறு தப்படி இருக்கும். செப்டம்பரில் நான் அங்கே நின்றேன். குனிந்து பார்க்கவில்லை.

அந்த நொடியிலேயே அத்தானை அழைத்திருக்க வேண்டும். கைபேசி என் கையில்தான் இருந்தது. அழைத்து, "அத்தான், தப்பு என்னோடது, நீங்க போக வேண்டாம்" என்றால் முடிந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் என் குரலை நினைத்துப் பார்த்தேன். அதற்கு அவர் சொல்லப்போகும் பதிலையும் நினைத்துப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது. எழுத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருத்துவரிடம், நடந்ததை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். ஆதாரம் இல்லாமல் பதிவைத் திரும்பச் சேர்ப்பது முறையல்ல அல்லவா?

மருத்துவரின் வாக்குமூலம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அத்தானின் பதிவைத் திரும்பச் சேர்த்தேன். கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். 'வருந்துகிறேன்' என்பதா, 'மன்னிப்புக் கோருகிறேன்' என்பதா என்று நெடுநேரம் யோசித்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு அனுப்பினேன். மாலை வரை அவர் அதைத் திறக்கவில்லை. அதன் பிறகே அவரை அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அக்காவை அழைத்தேன்.

"அவர் விடியக்காலையிலேயே கிளம்பிட்டார். ஞாயித்துக்கிழமை புயலாம், அதுக்குள்ள இறங்கிடணும்னு ஒரு நாள் முன்னாடியே போறாராம். யார்கிட்ட போறாரோ" என்றாள். பிறகு, "ஏன், என்னடா விஷயம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லைக்கா."

அவர் வந்த பிறகு மூவருமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடிவாரத்தில் இருக்கும் குடில் காவலரை மட்டும் அழைத்துக் கேட்டேன். மதியம் ஒருவர் தனியாகப் போனதாகவும், தடுத்தும் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

புயல் ஒரு நாள் முன்னதாக, சனிக்கிழமை பிற்பகலே வந்துவிட்டது. புதன்கிழமை மீட்புக் குழுவினர் அத்தானை முகட்டுக்குக் கீழே கண்டெடுத்தார்கள். முகம் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்ததாம். ஏறும்போதா இறங்கும்போதா என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்கள். பையில் டப்பா எதுவும் இல்லை.

சவக்கிடங்கின் வாசலில் நேரக் காப்பாளர் சுவரைப் பார்த்து நின்றார். "ஒரு பொய்யை மெய்யாக்கப் போய் உயிரை விட்டுட்டான்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று தெரியவில்லை. பெரியவர்கள் பேசும்போது என் தலை அப்படித்தான் தானாக அசையும்.

அதன் பிறகு மூன்று வாரங்கள் நாள்தோறும் அக்கா வீட்டுக்குப் போனேன். வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுத்தேன், படிவங்களை நிரப்பினேன், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது, அவள் மனம் ஆறட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைத்தது. அவள் மனம் ஆறவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்தாள். அத்தானின் எல்லாச் சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்திருந்தாள். கொடியில் தொங்கிய கால்சட்டைகளின் பைகள் நாக்குகள்போலத் தொங்கின. அவருடைய பழைய தொலைபேசிக் குறிப்பேட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, பெண் குரல் கேட்டால் பேசாமல் கேட்டுவிட்டு வைத்தாள். அழைத்த எண்களுக்கு நேரே ஒரு கோடு. நான்கு பக்கம் முடிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் அத்தானின் கைபேசியை என் கையில் கொடுத்தாள். அவரைக் கண்டெடுத்தபோது சட்டைக்குள் இருந்தது. உலர்த்தி, கடையில் கொடுத்து உயிர் வர வைத்திருந்தாள்.

"அந்த விளையாட்டு இருக்கே, அதுக்குள்ள எனக்குப் போகத் தெரியலை. அதுலயும் கடிதம் அனுப்பலாமாமே? நீ திற. அவ பேர் என்னன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். நான் போய்ச் சண்டை போட மாட்டேன். பேர் தெரிஞ்சா தூங்கிடுவேன்."

திறந்தேன். படிக்கப்படாத கடிதம் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் 'நீக்கு' என்ற சொல்லும் இருந்தது. அக்கா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். திரை அவளுக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டுகளில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன். என் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. எத்தனை நேரம் நின்றது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"இருக்கா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு."

"படி."

"மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு வணக்கம்" என்று தொடங்கினேன். "தங்கள் பதிவை நீக்கிய என் செயல் முற்றிலும் பிழையானது என்பதை..."

"யார் எழுதினது இது?"

"நான்."

"எழுதினதைப் படிக்காதே. என்ன நடந்துச்சு? வாயால சொல்லு."

சொன்னேன். பனிக்கட்டி, பல் மருத்துவர், கடலை டப்பா, தெற்குக் கல். மிகவும் கோர்வையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். நான் முடித்ததும் அவள் கொடியில் தொங்கிய கால்சட்டைகளைப் பார்த்தாள். எழுந்து போய், அவற்றின் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

"அப்போ மலைக்குத்தான் போயிருக்கார்."

"ஆமாக்கா."

"குளிச்சுட்டு வந்தது எனக்காகத்தான்."

அத்தானின் கைபேசியைத் தரையில் வைத்தேன்.

"டாக்டர் உனக்கு எப்போ சொன்னார்?"

"வியாழக்கிழமை. மத்தியானம்."

"இவர் கிளம்பினது வெள்ளிக்கிழமை விடியக்காலை." விரல் விட்டு எண்ணினாள். பதினைந்து மணி நேரம். அவள் உதடுகள் அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தன. "வியாழக்கிழமை சாயங்காலம் இவர் இதே இடத்துல உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுட்டிருந்தார். போன் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் அந்த நாற்காலியில முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு போன் பண்ணியிருந்தா..." நிறுத்தினாள். "ஏன்டா பண்ணலை?"

"கடிதமா எழுதினா மரியாதையா இருக்கும்னு..."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருக்கலாம். அவள் தன் கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, ஒலிக்கத் தொடங்கியதும் என் காதருகே நீட்டினாள்.

"அவங்க அண்ணன். தம்பி பொய்யன்னு நினைச்சுக்கிட்டுதான் அவர் மண்ணள்ளிப் போட்டார். நான்தான் போய்ச் சொன்னேன், நீ சொன்னதை நம்பி. இப்ப நீ சொல்லு. எழுதறேன்னு சொல்லாதே."

மறுமுனையில் பேருந்துகளின் இரைச்சலோடு நேரக் காப்பாளரின் குரல் வந்தது. "சொல்லும்மா."

"நான்... அவ தம்பி பேசறேன்" என்றேன். இந்த முறை கோர்வையாக வரவில்லை. டப்பாவைப் பற்றி முதலில் சொல்லி, பிறகு புத்தகத்துக்குப் போய், நடுவில் இருமுறை 'மன்னிக்கணும்' என்று சொன்னேன். வியாழக்கிழமையைச் சொன்னபோது, மறுமுனையில் யாரோ அவரிடம் எதையோ கேட்க, அவர் "இருப்பா" என்றது மட்டும் கேட்டது. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அவ பக்கத்துல யார் இருக்கா?" என்று கேட்டார்.

"நான்தான் இருக்கேன்."

"நீ வெளியே போ. நான் வர்ற வரைக்கும் அவ தனியா இருந்தாலும் பரவாயில்லை."

கைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டபோது கதவு வரை வந்தாள். நான் வெளியே போனதும் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான்கு மாடிகளையும் படியிலேயே இறங்கி, கட்டடத்தின் வாசலில் நின்றேன். வீட்டுக்குப் போயிருக்கலாம், போக மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நேரக் காப்பாளர் தெருமுனையில் பேருந்தை விட்டு இறங்கி, பணிமனைச் சீருடையோடு வேகமாக நடந்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. வயதில் பெரியவர். அவர் நெருங்கியதும் என் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து கும்பிட்டன. அவர் என்னைத் தாண்டிப் படியேறினார். அவருடைய காலடிச் சத்தம் நான்காவது மாடியில் நிற்பதும், கதவு திறப்பதும் கீழே வரை கேட்டன.